முன்னாலேயே வைத்த பொட்டு

மணி ஒன்று முப்பத்தெட்டு. கேன்டீன் குழாயடியில் ரூபி தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பார் வாசனை சோப்போடு போய்விட்டது. நகத்தோரம் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்ட் மட்டும் போகவில்லை. அது என்றைக்குமே முழுசாகப் போனதில்லை. அவளும் என்றைக்கும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. இன்றைக்கு மூன்றரை மணிக்கு இண்டர்வியூ. இந்தக் கையோடா போய் உட்காருவது என்று இரண்டாம் தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்தது.

காலையில் அந்த ட்ரே. பத்து பீஸ். பத்துக்கும் பொட்டு வைத்தாயிற்று. இறுக்கியது எத்தனை?

இரண்டு.

சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தார்ச்சாலையில் மூன்றாவது கம்பெனி அது. இரு சக்கர வண்டிகளுக்கு பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட் செய்கிறார்கள். ஒரு பிராக்கெட்டுக்கு இரண்டு போல்ட். இடது போல்ட் ரூபியுடையது. வலது போல்ட் பக்கத்து ஸ்டூலில் உட்காரும் முனிலட்சுமியுடையது. அளவாக இறுகியதும் ரெஞ்சு ‘டக்’ என்று சொல்லும். சொன்னதும் போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் மஞ்சளாக ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். பிறகு அதை யாரும் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். ரூபியின் அம்மா வீட்டிலும் சரி, மாமியார் வீட்டிலும் சரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்; நெற்றியில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. “நெத்தியில வைக்காததெல்லாம் சேத்து வச்சிக்கினு இங்க வந்து ஒரு நாளைக்கு ஐந்நூறு வைக்கிறா” என்று முனிலட்சுமி சொல்லி, லைனே சிரித்த நாள் உண்டு.

ஆனால் அந்தப் பொட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. வலது கையில் ரெஞ்சு, இடது கையில் பிராக்கெட். இறுக்கி முடித்துப் பொட்டு வைக்க வேண்டுமென்றால் ரெஞ்சைக் கீழே வைக்க வேண்டும், பேனாவை எடுக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பத்து பீஸை வரிசையாக அடுக்கி, பத்துக்கும் முன்னாலேயே பொட்டு வைத்துவிட்டால், பிறகு டக், டக், டக் என்று இறுக்கி அப்படியே அடுத்த ட்ரேயில் தள்ளிக்கொண்டு போகலாம். ஒரு ட்ரேக்கு அரை நிமிடம் மிச்சம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். ரூபி இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறாள், ஒரு பீஸ்கூடத் தவறியதில்லை.

இன்று காலை பதினொன்று பத்துக்கு ஹெச்.ஆர். பெண் வந்து தோளைத் தட்டினாள். “அக்கா, ஃபார்ம்ல போட்டோ ஒட்டல, சீக்கிரம் வாங்க.” ரூபி இரண்டை இறுக்கியிருந்தாள். எழுந்து போனாள். திரும்பி வந்தபோது ட்ரே காலி. அவள் இல்லாத பதினைந்து நிமிடம் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொண்ட முனிலட்சுமி, மஞ்சள் பொட்டைப் பார்த்து ட்ரேயைத் தன் பக்கம் இழுத்து, தன் போல்ட்டை இறுக்கி அனுப்பிவிட்டாள். தப்பே சொல்ல முடியாது. பொட்டு இருந்தது.

எட்டு பிராக்கெட். எட்டு வண்டி. எட்டுப் பேர் எங்கேயோ ஒரு சிக்னலில் பிரேக்கை மிதிப்பார்கள். பெட்டி கட்டியாயிற்று, லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டேகாலுக்கு லாரி கிளம்பினால், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டி வண்டிக் கம்பெனிக்கே போய்விடும்.

“ஏமாயிந்தி? சோப்புத் தீந்திடும்டி” என்றாள் முனிலட்சுமி. வேப்பனப்பள்ளிக்காரி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். ரூபி சொன்னாள். முனிலட்சுமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

“யார்கிட்டனா சொன்னியா?”

“இப்பத்தான் எனக்கே தெரியும்.”

“அப்ப கேளு. அங்க போனதும் அவுங்க ஒருவாட்டி பாப்பாங்க. பாக்காமயா வண்டியில மாட்டுவாங்க? இண்டர்வியூ முடியட்டும். நாளைக்குக் காலைல சொல்லு, போன் பண்ணி நிறுத்திக்குவாங்க. இப்ப சொன்னன்னா...” முனிலட்சுமி நோட்டீஸ் போர்டைத் தாடையால் காட்டினாள். போர்டைப் படிக்கத் தேவையில்லை. இரண்டு வாரமாக ரூபி தினமும் படித்த நோட்டீஸ் அது. லைன் லீடர் பதவிக்கு விண்ணப்பிப்போர், கடந்த மூன்று மாதத்தில் தர விஷயத்தில் பெயர் அடிபடாதவராக இருக்க வேண்டும். ஐந்தாவது விதி. “பதினாலு வருசத்துல ஒருவாட்டி வந்துகிது உனக்கு. எட்டு பீஸ்க்காக விடுவியா?”

பதினாலு வருஷம். அதில் பன்னிரண்டே முக்கால் வருஷம் ரூபிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. காலை ஐந்தேமுக்காலுக்கு ராயக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறுவாள். நாலரை மணிக்கு இறங்குகிற நினைப்போடுதான் ஏறுவாள். முன்பிருந்த சூப்பர்வைசர் அவளை ‘ஏழாம் நம்பர்’ என்றுதான் கூப்பிடுவார். அது அவளுடைய ஸ்டூலின் நம்பர். அவளுக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை. ஸ்டூல் ஓரிடத்தில் இருக்கும், அவளும் இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

சத்யப்ரியா சூப்பர்வைசராக வந்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தொன்று, ரூபியைவிட ஆறு வயது சின்னவள். இவளும் ஒரு காலத்தில் வேறொரு கம்பெனியில் ரெஞ்சு பிடித்தவள்தான், தபாலில் டிப்ளமோ முடித்து மேலே வந்தவள். “அம்புட்டுத்தான்” என்று பேச்சை முடிப்பாள். லைனில் இருந்தவர்கள் முதல் வாரம் முழுக்க அந்த ‘அம்புட்டு’வை வைத்து ஓட்டினார்கள். வந்த இரண்டாம் நாள் காலை, ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடக் கூட்டத்தில், டார்கெட் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “நேத்து நான் சொதப்புனது” என்று ஆரம்பித்தாள். கேட் பாஸ் வாங்கத் தெரியாமல் அரை மணி வாட்ச்மேனோடு சண்டை போட்டதைச் சொன்னாள். தினமும் ஒருத்தர் இப்படி ஒன்று சொல்ல வேண்டும், சொன்னவர்களுக்குக் கைதட்டு, வேறு எதுவும் கிடையாது என்றாள். ஆரம்பத்தில் எல்லோரும் வீட்டுக் கதையாகச் சொன்னார்கள். பால் பொங்கியது, பஸ் மாறி ஏறியது. மெதுவாகத்தான் லைனுக்குள் நடந்தது வெளியே வர ஆரம்பித்தது. ரூபி மட்டும் கடைசி வரை ரசத்தில் உப்பு கூடியதைத் தாண்டவில்லை. பதினாலு மாதத்தில் பதினெட்டு, பத்தொன்பது தடவை அவள் முறை வந்தது. அத்தனை தடவையும் ரசம்.

ஒரு நாள் சத்யப்ரியா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ரூபிக்கா, இந்த லைன் உங்க லைன்னு வைங்க. நாளைக்கே எதை மாத்துவீங்க?” கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை. அதுதான் புதுசு. கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருந்து ரூபி பார்த்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள், போல்ட் டப்பா முதுகுப் பக்கம் இருக்கிறது, திரும்பித் திரும்பி இடுப்பு போகிறது என்று. மறுநாள் காலை போல்ட் டப்பா முழங்கை எட்டும் இடத்தில் ஒரு சாய்ந்த தட்டில் இருந்தது. தட்டின் விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவில், ‘ரூபி தட்டு’. இப்போது மூன்று லைனிலும் அதற்கு அதுதான் பேர். ஸ்டோர்காரர்கள்கூட, “ரெண்டு ரூபி தட்டு அனுப்பு” என்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எதிர் லைனில் என்னவெல்லாம் மாற்றலாம் என்று ரூபி யோசித்தாள். யோசித்துக்கொண்டே தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போனாள். வேண்டும் என்கிற ஒன்று அப்படித்தான் உள்ளே வந்தது, சத்தமில்லாமல். இரண்டு வாரம் முன்பு நோட்டீஸ் ஒட்டியபோது, “உங்க பேரைக் குடுத்துட்டேங்க்கா. திட்டுறதுன்னா இப்பயே திட்டிருங்க” என்றாள் சத்யப்ரியா. ரூபி திட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேட மூன்று நாள் பரண் மேல் ஏறினாள்.

ஒன்று ஐம்பது.

“என்னா பண்ணப் போற?” என்றாள் முனிலட்சுமி.

ரூபி கையை யூனிஃபார்மிலேயே துடைத்துக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை, கம்பெனிக்குள் ஓடக்கூடாது. ஆனால் அவள் நடந்த வேகத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஹாரனை அடிக்க மறந்து ஒதுங்கிக்கொண்டான்.

டிஸ்பாட்ச் வாசலில் லாரி டிரைவர் சென்றாயன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். “அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. கட்டாதீங்க.”

“ஏம்மா, கேட் பாஸே போட்டாச்சு.”

“ஒரு பத்து நிமிசம்.”

“நீ சொல்லி நான் நிறுத்துனா என்னைய யாரு கேப்பாங்க? உங்க மேடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், பொழுதுக்கும் நிக்கிறேன்.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கயிற்றை முடிச்சுப் போடாமல் கையில் சுற்றி வைத்துக்கொண்டார். “சரி. டீ குடிக்காமத்தான் இருக்கேன். போய்ட்டு வா.”

கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சத்யப்ரியா, ஹெச்.ஆர். பெண், பிளான்ட் மேனேஜர் இளம்பரிதி. மேஜை மேல் விண்ணப்பங்கள். மேலே இருந்தது ரூபியுடையது; காலையில் அவசரமாக ஒட்டிய போட்டோ கொஞ்சம் கோணலாக அவளையே பார்த்தது. “மூணரைக்குத்தானே?” என்றாள் ஹெச்.ஆர். பெண்.

ரூபி சத்யப்ரியாவைப் பார்த்துத்தான் சொன்னாள். “மேடம், இறுக்காத பீஸ் எட்டு லாரியில ஏறிடுச்சு. என்து. பொட்டை முன்னாடியே வச்சிட்டேன்.”

சொன்னதும், இனி என்ன கேட்பார்கள் என்று அவள் பன்னிரண்டு விதமாக நினைத்துப் பார்த்திருந்தாள், வழியெல்லாம். ஏன், எப்படி, எத்தனை நாளாக, உன்னைப்போய் நம்பினேனே. சத்யப்ரியா எழுந்துவிட்டாள்.

“வண்டி?”

“நிக்குது. சென்றாயன் அண்ணன் நிறுத்தி வச்சிருக்காரு.”

“நல்லதுக்கா. வாங்க, எறக்குவோம்.”

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், ஆனால் லாரி லேட்டானால் அந்தப் பக்கக் கம்பெனி முதலில் அவரைத்தான் கூப்பிடும். “எல்லாத்தையும் எறக்க வேணாம் சத்யா. பதினொரு மணிப் பெட்டி மட்டும் பத்து இருக்கும். அதை மட்டும் பார்த்துட்டு அனுப்பிடலாமே.”

சத்யப்ரியா வாசலில் நின்றாள். கதவில் வைத்த கை அப்படியே இருந்தது. ரூபிக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

“பத்தாது சார். முழுசும் பாக்கணும். ரூபிக்கா மட்டும் இப்படிச் செய்யல. ரெஞ்சு பிடிக்கிறவங்க எல்லாருமே முன்னாடியேதான் பொட்டு வைக்காங்க. எனக்குத் தெரியும். நான் ரெஞ்சு பிடிச்ச காலத்துல நானும் அதைத்தான் செஞ்சேன். இங்க வந்து ரெண்டாவது மாசமே கண்ணுல பட்டுச்சு. கவுண்ட் ஏறிக்கிட்டு இருந்துச்சு, கண்டுக்காம விட்டுட்டேன். அது என் சொதப்பல்.”

ஹெச்.ஆர். பெண் பேனா மூடியை மெதுவாகத் திருகினாள். இளம்பரிதி சத்யப்ரியாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “நாளைக்கு ஒம்பது மணிக்கு என் ரூமுக்கு வாங்க” என்றார். குரல் உயரவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, “நான் அங்க பேசிக்கிறேன். நீங்க எறக்குங்க” என்றார்.

நாற்பது பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு. லைனில் இருந்த பதினெட்டுப் பேரும் டிஸ்பாட்ச் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்தார்கள், கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்காருகிற மாதிரி. ஒருத்தர் பெட்டி பிரிக்க, ஒருத்தர் எடுத்துத்தர, நான்கு ரெஞ்சு மாறி மாறி ஓடியது. இறுகியிருந்தால் வைத்தவுடனே டக் என்று சொல்லும். இறுகாதது சொல்லாது, சுற்றும். எல்லோரும் அந்தச் சொல்லாத ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். பதினேழாவது பெட்டியில் முதல் பீஸ் சுற்றியது. அதே பெட்டியில் இன்னும் நான்கு. அடுத்த பெட்டியில் மூன்று. “எட்டு” என்றாள் ரூபி. பெருமூச்சு பதினெட்டு மூக்கிலிருந்தும் வந்தது. சென்றாயன் கையிலிருந்த கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னும் இருபத்திரண்டு பெட்டி இருக்குண்ணே” என்றாள் சத்யப்ரியா.

இருபத்தொன்பதாவது பெட்டியில் ஒன்று சுற்றியது. முப்பத்தொன்றில் இரண்டு. இடது போல்ட் இல்லை, வலது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிராமலே எல்லோருக்கும் தெரிந்தது வலது போல்ட் யாருடையது என்று. ரூபியின் கையில் அந்தப் பீஸ் இருந்தது. இறுக்கி, பெட்டிக்குள் வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

“அது நான் வச்ச பொட்டு” என்றாள் முனிலட்சுமி. தெலுங்கு கலக்காமல், முழுசும் தமிழில். “மூணும் என்துதான் மேடம். எப்ப உட்டேன்னே தெரியல. இவளாச்சும் எண்ணிப் பாத்துச் சொன்னா. எனக்கு எண்ணிக்கையே தெரியாது.” பிறகு, பழக்க தோஷத்தில், “நாளைக்கு எனக்குக் கைதட்டு உண்டா?” என்றாள். யாரோ ஒருத்தி குபீரென்று சிரித்தாள். முனிலட்சுமியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லாரி கிளம்பும்போது நான்கு நாற்பது. ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் நேரம் கேட்கவில்லை. இளம்பரிதி வந்து கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரூபி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் பெட்டித் தூசு.

“ரூல் ரூல்தாம்மா. இந்தத் தடவை உன் பேரை எடுத்துக்க முடியாது.”

“தெரியும் சார்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய ஏழாம் நம்பராக இருந்தால் நிறுத்தியிருப்பாள். “அடுத்தது எப்ப சார்?”

இளம்பரிதி அவளைப் பார்த்தார். “பொங்கலுக்கு அப்புறம் இருக்கலாம். நாலாவது லைன் வருது. உறுதி கிடையாது.”

“அப்ப ஃபார்ம் குடுக்குறேன் சார்.”

பெரிய பஸ் போய்விட்டது. லேட்டானவர்களுக்கென்று ஒரு வேன் போட்டார்கள். புருஷன் மெல்வின் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான்; அவள் திரும்பக் கூப்பிட்டதும், ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றும் சத்தத்துக்கு நடுவே, “என்னா ஆச்சு? லீடரம்மாவா, பழைய அம்மாவா?” என்று கத்தினான். “பழைய அம்மாதான். வந்து சொல்றேன்” என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக, குரலில் சிரிப்பு இருந்தது. “சந்தோசமா இருக்கியா, கோவமா இருக்கியா, தெரியலையே. எதுக்கும் பிரியாணி வாங்கிடுறேன், ரெண்டுக்கும் ஆவும்” என்று வைத்துவிட்டான்.

வேன் சரிவில் இறங்கியது. வயல் நடுவே தக்காளிக் குச்சிகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நேற்று வரை அவளுக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது, ஏனென்றால் சத்யப்ரியா அவளுக்கு அது வேண்டும் என்று நினைத்தாள். ஒருத்தர் நம்மை நினைத்துப் பார்த்தார் என்கிற ருசி அது. இப்போது வேண்டியிருப்பது வேறு. இன்னொரு மத்தியானம், இன்னொருத்தி கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடி வருவாள், எட்டு பீஸ் என்று சொல்ல. அவள் ஓடி வருகிற இடத்தில் ரூபி இருக்க வேண்டும். எழுந்து, வண்டி நிற்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும். அப்படி நினைத்தபோது நெஞ்சு படபடக்கவில்லை. சாப்பிட்டு முடித்த வயிறு மாதிரி நிதானமாக இருந்தது. இந்தத் தடவை ஸ்டாப்பைத் தவறவிடவில்லை.

மறுநாள் காலை கூட்டத்தில் யார் முறை என்று சத்யப்ரியா கேட்கவில்லை. ரூபி முன்னால் வந்து நின்றாள். “நேத்து நான் சொதப்புனது” என்றாள்.

“ரசமா?” என்றாள் பின்னாலிருந்து முனிலட்சுமி.

“ரசம் நல்லா இருந்துச்சு.” சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பொட்டில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைதட்டு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சத்யப்ரியாவும் தட்டினாள், தட்டிக்கொண்டே ஒரு தடவை சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐந்து. ஒன்பது மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. “என்ன ரூபிக்கா, ஐடி கார்டை ஊக்குல குத்தியிருக்கீங்க?” என்றாள்.

ரூபி ஸ்டூலுக்குப் போனாள். ஐடி கார்டு தொங்கும் கயிறு, இழுத்தால் நீளும், விட்டால் தானே சுருண்டு கொள்ளும் கயிறு, இப்போது அவள் தலைக்கு மேலே டியூப் லைட் கம்பியில் கட்டியிருந்தது. அதன் நுனியில் பெயிண்ட் பேனா, இறுக்கி முடித்த பீஸ் போகும் ட்ரேக்கு நேர் மேலே. மூடி கிடையாது, கம்பியில் ஒட்டிய ஈரப் பஞ்சில் முனை போய்ப் பொருந்திக்கொள்ளும். இடது கைக்கு எட்டும். இறுக்காத பீஸ் இருக்கும் பக்கம் எவ்வளவு இழுத்தாலும் எட்டாது.

மணி அடித்தது. ரூபி முதல் பிராக்கெட்டை எடுத்தாள். டக். ரெஞ்சைக் கீழே வைக்காமல், பீஸை அந்தப் பக்கம் தள்ளி, இடது கையால் பேனாவை இழுத்து ஒரு பொட்டு வைத்து, கையை விட்டாள். பேனா மேலே போய், நிற்காமல், இரண்டு ஆட்டம் ஆடியது. பக்கத்து ஸ்டூலில் முனிலட்சுமி ரெஞ்சைத் தூக்கிய கையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்திலிருந்த தன் கார்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.